மூணாவது ஓலை

எங்க நைனா காஸ்பரு மெட்ராஸ்ல ஒரு சீமைக் கம்பெனியில பிட்டர். இருவது வருசம் வேலை செஞ்சவங்களுக்கு லண்டன் ஆபீஸ் அம்பது ஷேர் குடுக்குதுன்னு சேதி வந்ததும் மனுசனுக்குக் கால் தரையில நிக்கல. என் நிச்சயத்துல, யாரும் கேக்காமலே, "அந்த ஷேரு மாப்பிள்ளைக்குத்தான்"னு சபையில சொல்லிட்டாரு. மாப்பிள்ளை தோமினிக்கோட அப்பா பால்சாமி சும்மா இருப்பாரா? அங்கயே காயிதத்துல எழுதி வாங்கிட்டாரு.

வெளிநாட்டு ஷேரை வச்சுக்க ரிசர்வ் பேங்க் அனுமதி வேணுமாம். அது அப்புறந்தான் தெரிஞ்சுது. நைனா மனு போட்டாரு. மாதா கோயில்ல எங்க கல்யாணத்தை அறிவிக்கிற ஓலைய ரெண்டு ஞாயித்துக்கெழமை வாசிச்சாச்சு. மூணாவது வாசிச்சிட்டா கல்யாணந்தான். அனுமதியக் காணோம். எனக்குச் சோறு எறங்கல. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தே கால் வீங்கிப்போச்சு.

சனிக்கெழமை, மலையனூர் அமாவாசைக்குப் போற கூட்டத்துல மெட்ராஸ்லேருந்து பஸ்ல நின்னுக்கிட்டே ஊருக்கு வந்து எறங்குனாரு நைனா. கையில கடுதாசி. அனுமதி கெடச்சிருந்துது. ஆனா ஷேரு அவரு பேர்லயே இருக்கணும், பேங்க்கைக் கேக்காம யாருக்கும் மாத்தக் கூடாது. கம்பெனியும் அஞ்சு வருசத்துக்கு மாத்த வுடாதாம்.

"வாயத் தொறக்காத. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்"னாங்க அம்மா. பொய் சொல்லுவானேன், நானும் தலையாட்டினேன்.

மறுநாள் பூசையில சாமியார் எங்க பேரை வாசிச்சு, "இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லணும்"னாரு. நைனா எழுந்து நின்னுட்டாரு. ஐயோ மாதாவே!

"இருக்குது சாமி. குடுக்க முடியாததைக் குடுக்கறதா எழுதிக் குடுத்துட்டேன்."

"மொறையில்லாத ஒறவு, முன்னாடியே கல்யாணம் ஆனது, அதத்தான் கேக்குறது. உக்காரு காஸ்பர்."

உக்காரலையே! கடுதாசிய எடுத்து முழுசாப் படிச்சாரு. முக்காட்டுக்குள்ள எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துது.

"இன்னா, வெளையாட்டா இது?" பால்சாமி துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "எழுந்து வாடா"ன்னு மகனைக் கூப்பிட்டுக்கிட்டே வெளிய போனாரு.

பொம்பளைங்க ஆம்பளைங்க பக்கம் திரும்பக் கூடாது. நான் திரும்பிப் பாத்தேன். காது ரெண்டும் செவந்து, தலையக் குனிஞ்சுக்கிட்டு மாப்பிள்ளை அங்கயேதான் இருந்தாரு. வாசல்லேருந்து அவங்கப்பா மறுபடி கூப்பிட்டாரு.

"பூசை இன்னும் முடியலப்பா"ன்னு சொல்லிட்டு, அவரு முழங்கால் போட்டாரு.

அன்னைக்கு மத்தியானம் நான் ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.