இடக்கைக்காரியின் குழாய்

ஜூலை மாதம் பதினான்காம் நாள். காலையில் தூறல் விழுந்தது. நண்பகலுக்குப் பின் வெயில் சுள்ளென்று காய்ந்தது. மேல்நிலைப் பள்ளியின் பின்புறம் கட்டப்பட்ட புதிய கைகழுவுமிடத்தில், பதினோராம் வகுப்புத் தொழிற்பிரிவு மாணவர்கள் தத்தமக்குரிய குழாயைத் தாமே சுவரில் பொருத்திக்கொண்டிருந்தனர். குழாய்க்குக் கீழே விரித்த செய்தித்தாள், பள்ளி விடும் மணி அடிக்கும்வரை நனையாதிருந்தால் தேர்ச்சி. தேறியவருக்குக் கட்டுமான நிறுவனம் ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சி.

இடக்கைப் பழக்கத்தால் ‘லெஃப்டு’ என்று பெயர்பெற்ற மாணவியின் தாள் இரண்டாம் முறையாக நனைந்துவிட்டது.

“என்னடி, செடிக்குத் தண்ணி ஊத்துறியா?” என்றான் பக்கத்துக் குழாய்க்காரன். ஓயாமல் பேசுவதால் அவன் ‘ரேடியோ’.

“உன் வாய் ஒழுகுறதவிட இது கம்மிதான்!” என்று அவள் வெடுக்கென்று சொன்னாள்.

அம்மா காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள்: “இதுல தேறலேன்னா கணக்குப்பதிவியலுக்கு மாறிடணும். அப்புறம் மூக்கால அழக் கூடாது.” அவளும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

“அண்ணே, நான் ஒரு முறுக்கு முறுக்கி விடட்டுமா?” என்று, பயிற்சியளிக்க வந்திருந்த பிளம்பரைக் கேட்டபடி ரேடியோ ஸ்பேனரைத் தூக்கினான்.

பிளம்பர் அசையவில்லை. “அடுத்தவங்க குழாயில கை வச்சா உன்னுதும் சேர்ந்து ஃபெயிலு. அவங்கவங்க ஒழுகல அவங்கவங்கதான் நிறுத்தணும்.”

“யாரும் கை வைக்க வேணாம்ணே. நானே பாத்துக்கிறேன்.”

தண்ணீரை அடைத்துக் குழாயைக் கழற்றினாள். கசிவைத் தடுக்கத் திருகுமரையின்மேல் சுற்றிய வெள்ளை டேப், கசங்கிச் சுருண்டு ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. முதல் முறையும் இதே கோலந்தான். டேப் போதவில்லையென்று கருதி இம்முறை இரு மடங்கு சுற்றியிருந்தாள், அதுவும் வீண்.

புதிதாகச் சுற்றினாள். இம்முறை ஸ்பேனரை எடுக்காமல், குழாயைக் கையாலேயே மெல்லத் திருகிக் கண்கொட்டாமல் பார்த்தாள். டேப்பின் நுனி எழும்பியது. திருகத் திருகப் பிரிந்துகொண்டே வந்தது.

பிளம்பர் வலக்கையால் சுற்றிக் காட்டியதை அவள் இடக்கைக்கு மாற்றியபோது, சுற்றும் திசையும் கூடவே மாறிவிட்டிருந்தது!

“அட மக்கு!”

“யாரச் சொல்றே?” என்று ரேடியோ சண்டைக்கு வந்தான்.

“உன்ன இல்லடா. இன்னைக்கு என்னத்தான்.”

மணி அடிக்க அரை மணி நேரமே இருந்தது. அதே இடக்கையால், பழகிய போக்குக்கு எதிராக, விரல் தடுமாறத் தடுமாற டேப்பை இழுத்துச் சுற்றினாள். குழாயை முறுக்கினாள். உலர்ந்த தாளை விரித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் எதிரே சப்பணமிட்டு அமர்ந்தாள்.

மணி அடித்தது. பிளம்பர் தாளை எடுத்து இருபுறமும் தடவிப் பார்த்தார்.

“மொறுமொறுன்னு இருக்கு. பாஸ்.”

“அண்ணே, அந்தப் பேப்பரக் குடுங்க. அம்மாகிட்டக் காட்டணும்.”

அவள் அதனை நான்காக மடித்துப் புத்தகப்பைக்குள் வைத்தபோது மணி நான்கு அடித்து ஏழு நிமிடம்.