முப்பத்தாறு அங்குல வாசல்

கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் என்னைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. இருபத்தாறு வருடமாகத் தைக்கிறேன். அளவு சரியில்லை என்று ஒரு சட்டை என்னிடம் திரும்பி வந்தது கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட நான் எடுத்த அளவு ஒரே ஒரு தடவை தப்பாகிப் போனது. அதுவும் என் அக்கா உயிரோடு விளையாடுகிற மாதிரி.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. நாலு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லை. மாமா விடியலுக்கு முன்னால் அவளை எழுப்பி, இரண்டு பஸ் மாற்றிப் பெரிய ஊருக்குக் கூட்டிப் போவார். நாலு மணி நேரம் நாற்காலியில் கிடந்துவிட்டுத் திரும்ப இரண்டு பஸ். வீடு வந்து சேரும்போது செருப்பைக் கழற்றக்கூட அவளுக்குத் தெம்பிருக்காது. நான்தான் குனிந்து கழற்றிவிடுவேன். ஊரையே அதட்டுகிறவள், அந்த நேரத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

அவளைப் போல ஊரில் இன்னும் பதினொரு பேர். அவர்களுக்காக ஆரம்பித்ததுதான் எங்கள் ஆஸ்பத்திரி நண்பர்கள் சங்கம். தலைவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலின் லட்சணம் அப்படி என்பதால் ஊருக்கே அவர் 'விசில்'. கையில் இருப்பதைக் கொடு, இல்லாவிட்டால் கைவேலையைக் கொடு என்பது அவர் போட்ட சட்டம். தச்சுவேலை செய்கிற மாமா பழைய கட்டில்களைப் பழுது பார்த்து விற்றுத் தந்தார். நான் நோயாளிகளுக்கு அங்கி தைத்தேன். ஊசி ஏற்றுகிற கைப்பக்கம் தோள் வரை திறந்து மூட அழுத்துப் பொத்தான் வைத்த அங்கி. பாதிச் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அக்கா ஏசி அறையில் நடுங்கியதைப் பார்த்த அன்றே அதை மனதுக்குள் வெட்டிவிட்டேன். இப்போது மூன்று ஆஸ்பத்திரிகளில் கேட்டு வாங்குகிறார்கள்.

மூன்று வருடத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே நாலு டயாலிசிஸ் இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன. மிச்சம் தண்ணீர். ஒருவருக்கு ஒரு தடவை செய்ய நூறு லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டுமாம். அதைச் சுத்தம் செய்ய பீரோ உயரத்தில் ஒரு இயந்திரம். அது இல்லாவிட்டால் மற்ற நாலும் வெறும் அலங்காரம் என்று ஹெட் நர்ஸ் சொல்லிவிட்டார். அறைக்கும் வாசலுக்கும் அளவு கேட்டு கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது. விசில் என் கழுத்தைப் பார்த்தார்.

"டேப்பை மாலையா போட்டுக்கிட்டு ஒருத்தி நிக்கிறப்போ நான் எதுக்கு வேற ஆளத் தேடணும்?"

எடுத்தேன். எழுதினேன். அனுப்பினோம்.

இயந்திரம் ஒரு திங்கட்கிழமை காலை லாரியில் வந்தது. அன்றே உள்ளே போனால்தான் நாலைந்து நாள் தண்ணீர் ஓடவிட்டுச் சோதிக்க முடியும், அடுத்த திங்கள் அக்காதான் முதல் ஆள். பெரிய ஊரில் அவள் நாற்காலியை அந்த அடுத்த திங்களிலிருந்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே காத்திருப்போர் வரிசை அவ்வளவு நீளம். ஒரு தடவை தவறினாலே அவளுக்குக் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும்.

ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள். நுழையவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தார்கள். அப்போதும் நிலைச்சட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை போகாது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

"சாய்ச்சு எடுத்துட்டுப் போலாமா?" என்றார் ஹெட் நர்ஸ்.

"கூடாதும்மா. உள்ள இருக்கிறதெல்லாம் நட்டுக்குத்தலா வச்சு சீல் பண்ணினது. சாஞ்சா போச்சு" என்றார் கம்பெனி இன்ஜினியர். "வாசல் முப்பத்தாறு அங்குலம்னு நீங்க எழுதியிருக்கீங்க. மெஷின் முப்பத்தஞ்சு. போகணுமே."

அவர் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். விசில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அது எங்க டெய்லரம்மா எடுத்த அளவு. அதுக்கு மேல நீ டேப் வைக்கிறியா? உங்க கம்பெனிதான் பெரிசா செஞ்சு அனுப்பிருக்கு. வண்டியில ஏத்து. சரியானதா செஞ்சு அனுப்பச் சொல்லு."

"வேற செய்யணும்னா ரெண்டு மாசம் ஆகும் சார்."

"ஆகட்டும். எங்க ஆளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, சுவரோரமாக நின்று என் டேப்பை வாசலுக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்திருந்தேன். முப்பத்துநாலு. அன்றைக்கும் முப்பத்துநாலுதான் இருந்திருக்கும். நெஞ்சளவு முப்பத்துநாலு என்றால் என் கை முப்பத்தாறு என்று எழுதும். இரண்டு அங்குலம் லூஸ். போட்டுக்கொள்கிற ஆள் மூச்சு விட வேண்டாமா? இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. சுவருக்கு எதற்கு மூச்சு?

வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் பேர் பிழைக்கும். விசிலே அதற்குக் காவல் நிற்கிறார். ஆனால் இயந்திரம் லாரி ஏறிவிடும். அக்கா இந்த இரண்டு மாதத்தை எங்கே போய்க் கழிப்பாள்? மாமா லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் பேர் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"ஏத்தாதீங்க" என்றேன். "கம்பெனி மேல தப்பில்ல. நான்தான் லூஸ் வச்சு எழுதிட்டேன்."

"என்னது வச்சு?" என்றார் விசில்.

"லூஸ். சட்டைக்கு வைக்கிற மாதிரி வாசலுக்கும் ரெண்டு அங்குலம் வச்சுட்டேன்."

முதலில் சிரித்தது ஹெட் நர்ஸ். பிறகு இன்ஜினியர். விசில் மட்டும் சிரிக்காமல், ரயிலைத் தவறவிட்டவர் போல என்னைப் பார்த்தார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் பேச்சை விடவில்லை.

"சட்டை இறுக்கிப் பிடிச்சா நாங்க ஆளையா வெட்டுறோம்? தையலப் பிரிச்சு விடுவோம். இந்த நிலையை எடுத்துட்டா ரெண்டு பக்கமும் எவ்வளவு கிடைக்கும் மாமா?"

மாமா சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "பக்கத்துக்கு ரெண்டரை. தாராளமாப் போகும்."

ஹெட் நர்ஸ் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் வாசலைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், "சுவர் விழாதே?" என்று ஒரே கேள்வி கேட்டார். விழாது என்றார் மாமா. நாலு வருடத்தில் அவர் குரல் அப்படி நிமிர்ந்து நான் கேட்டதில்லை.

பூச்சைக் கொத்தி, ஆணியைப் பிடுங்கி, மத்தியானத்துக்குள் நிலையை முழுசாகக் கழற்றிவிட்டார். "பாரு, கட்டினவன் உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கான்" என்று என்னைச் சீண்டினார். நான் கடையிலிருந்து வெட்டுத்துணி மூட்டையைக் கொண்டுவந்து, இயந்திரத்தின் நாலு முனையிலும் கீறல் படாமல் சுற்றிக் கட்டினேன். விசில் கையை உயர்த்தி "ரைட்" என்றார். பீரோ உயரத்து இயந்திரம் ஒரு பக்கமும் இடிக்காமல் உள்ளே போனது. தூக்கிய ஆறு பேரும் கைதட்டினார்கள். தூக்காமல் நின்ற நான்தான் அழுதேன்.

புது நிலை எந்த அளவில் செய்வது என்று மாமா கேட்டார். பழைய அளவையே சொல்ல நான் வாயெடுத்தேன். விசில் படிவத்தை நீட்டினார்.

"டெய்லரம்மா எழுதினது எழுதினதுதான். முப்பத்தாறு. கட்டை மெலிசாப் போட்டுக்க."

"அப்படிப் போட்டா எனக்குக் கட்டிலே நேரா உள்ள வந்துடும்" என்றார் ஹெட் நர்ஸ். "நடக்க முடியாதவங்களை வாசல்ல இறக்கி நாற்காலிக்கு மாத்த வேண்டாம்."

சோதனையில் தண்ணீர் தேறியது. அடுத்த திங்கள் காலை ஏழு மணிக்கு அக்கா என் அங்கியைப் போட்டுக்கொண்டு நடந்தே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், படுத்த படுக்கையாக இருந்த ஒருவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்டில் எதிலும் இடிக்கவில்லை. யாரும் பார்க்காதபோது வாசலை அளந்தேன். சரியாக முப்பத்தாறு. மயிரிழை கூடக் குறையவில்லை. நான் எடுத்த அளவு தப்பு என்று இனி யாரும் சொல்ல முடியாது. வாசல்தான் கொஞ்சம் தாமதமாகச் சரியாகியிருக்கிறது.

பதினொரு மணிக்கு அக்கா எழுந்து வந்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் அந்தக் கதவையே பாத்துட்டு நிப்ப? வா, வீட்டுக்குப் போலாம்" என்று அதட்டினாள்.

மெதுவாக நடந்தும் பத்து நிமிடத்தில் வீடு வந்துவிட்டது. பழக்கத்தில் நான் குனிந்தேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, செருப்பைத் தானே கழற்றினாள்.