கமிட்டி வாங்கிய கைப்பிடி

சுஜாவுக்கு உள்ளங்கை வியர்க்கும். மழைக்காலம், வெயில்காலம் என்றில்லை. பேனாவைப் பிடித்தால் பேனா நனையும். அந்தக் கைக்குத்தான் திருச்சபையின் புதுக் கேமரா வந்து சேர்ந்தது. புதிது என்பது சபைக்குத்தான். ஜெர்மனியில் நர்ஸாக இருந்த ஒரு அக்கா ஊருக்கு வந்தபோது காணிக்கையாகக் கொடுத்த பழைய ரேஞ்ச்ஃபைண்டர் அது. லென்ஸுக்கு மேலே ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதன் வழியே பார்த்து, இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகச் சேரும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். படம் அத்தனை துல்லியமாக விழும். ஆனால் கேமரா வழவழவென்று ஒரு இரும்புக் கட்டி. விரல் பதிய ஒரு மேடு கிடையாது, மாட்டிக்கொள்ள ஒரு வாரும் இல்லை.

டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்த சுஜாதான் சபையின் மாதப் பத்திரிகைக்குப் படம் எடுப்பவள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் கேமரா அவள் கையிலிருந்து நழுவி, நல்லவேளையாக மடியில் விழுந்தது. முன்வரிசையில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறே கமிட்டி கூடியது.

"மாமா, கழுத்துல போட அகலமா ஒரு ஸ்ட்ராப் போதும்" என்றாள் சுஜா, சபைச் செயலாளர் சுவாமிதாஸிடம்.

"அத கமிட்டி தீருமானிக்கும் மக்களே. நீ கொஞ்சம் வெளிய இரி."

வெளியே நின்றாலும் உள்ளே பேசியது கேட்டது. சுவாமிதாஸுக்குப் பாதுகாப்பு முக்கியம். முழுசாக மூடும் தோலுறை வேண்டும் என்றார். பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நேசையன், பாரத்தின் மையம் எங்கே விழுகிறது என்று விளக்கிவிட்டு, அடியில் திருகி மாட்டும் கைப்பிடிதான் சரி என்றார். மாதர் சங்கத் தலைவி எலிசாளுக்கோ வேறு கவலை. "பொம்பளப் பிள்ளை கழுத்துல தொங்கப்போட்டுட்டு ஆம்பளைகளுக்கு முன்னால நடந்தா காண நல்லாவா இருக்கும்? மணிக்கட்டுல மாட்டுக வாரு வாங்குங்க." ஒருவர் மனமும் நோகக் கூடாது என்று மூன்றையும் வாங்கினார்கள். சுஜா கேட்டதை மட்டும் வாங்கவில்லை.

மூன்றையும் மாட்டிய பிறகு கேமரா சுமைதூக்கி மாதிரி ஆகிவிட்டது. உறையின் மேல்மூடி முன்னால் நாக்குப் போலத் தொங்கியது. கைப்பிடி உறையின் அடியிலிருந்த திருகில் ஏறி உட்கார்ந்தது. ஃபிலிம் மாற்ற வேண்டுமென்றால் முதலில் பிடியைக் கழற்ற வேண்டும், அப்புறம் உறையைக் கழற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் பின்கதவு திறக்கும். அதுவரை அத்தனை பாரமும் ஒரு மணிக்கட்டில். சுஜா சொல்லிப் பார்த்தாள். "பழகினா சரியாயிரும்" என்றார் நேசையன்.

போனக்காடு எஸ்டேட்டில் தொழிலாளர்கள் கட்டிய சின்ன ஆலயத்தின் பிரதிஷ்டை வந்தது. சபையே ஜீப்பில் கிளம்பிப் போனது. மலையில் நல்ல மூடுபனி. புது மணியை முதலில் அடிக்க வேண்டியவள் பிச்சம்மாள். தேயிலைக் கொழுந்து கிள்ளி முடித்த சாயங்காலங்களில் தலைச்சுமையாகக் கல் சுமந்தவள். அவள் கயிற்றைப் பிடிக்கும் நேரத்தில் சுஜாவின் ஃபிலிம் தீர்ந்தது.

பிடியின் திருகு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. சுஜாவின் விரல் வழுக்கியது. "இங்க தா" என்று சுவாமிதாஸ் கேமராவைப் பிடித்தார். வார் மணிக்கட்டில் இருந்ததால் சுஜாவின் கையும் கூடவே போனது. நேசையன் திருகை நன்றாகத் திருகினார், இறுகும் பக்கமாக. எலிசாள் குடை பிடிக்க வந்து, கம்பியை சுஜாவின் கொண்டையில் மாட்டினாள். மணி கணீரென்று அடித்தது. பிச்சம்மாள் முகத்தை அண்ணாந்து, வாய்விட்டுச் சிரித்து, கயிற்றோடு லேசாக மேலே எழும்பியதை சுஜா வெறுங்கண்ணால் பார்த்தாள்.

"எல்லாரும் கையை எடுங்க!" என்று கத்திவிட்டாள். ஜெபத்துக்கு எழுந்த போதகர் அப்படியே நின்றார்.

பிச்சம்மாள் திரும்பி, "படம் எடுத்தாச்சா பிள்ளே?" என்றாள்.

"இல்ல அம்மா. எடுக்க விடல்ல."

ஒருவழியாக ஃபிலிம் மாற்றிய பிறகு பிச்சம்மாள் அவளுக்காக மறுபடியும் மணி அடித்தாள். இந்தத் தடவை கேமராவையே பார்த்துக்கொண்டு, ரேஷன் கார்டு படத்துக்கு நிற்பது போல விறைத்து நின்று. பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது. "நல்லா வந்திருக்கே!" என்றார் சுவாமிதாஸ். சுஜா மூன்று சாமான்களையும் அவர் மேஜைமேல் வைத்தாள்.

"இனி நான் தெரிஞ்செடுப்பேன் மாமா. இல்லேன்னா கேமராவ நீங்களே வச்சுக்கிடுங்க."

அவர் உறையை எடுத்து மேஜை டிராயரில் போட்டார். "போய் வாங்கு" என்றார்.

தம்பானூரில் கேமரா சாமான் விற்கும் கடையில் பிரதீஷ் என்ற பையன் வார்களை எடுத்துப் போட்டான். நைலான் வாரின் கொக்கி கேமராவைக் கீறும்போல இருந்தது. ஒல்லித் தோல் வார் கழுத்தை அறுத்தது. ரப்பர் வைத்தது வழுக்கவில்லை, ஆனால் மஞ்சள் எழுத்தில் கம்பெனிப் பெயர் கத்தியது. பருத்தி வார் வயிறுவரை தொங்கியது. சுஜா கழற்றினாள், மாட்டினாள், மறுபடி முதலாவதைக் கேட்டாள். யாராவது இதுதான் என்று சொல்லிவிட்டால் தேவலை என்று ஒரு கணம் தோன்ற, அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சேச்சி," என்றான் பிரதீஷ் மலையாளம் கலந்த தமிழில், "கல்யாண சாரி எடுக்கவங்க கூட இத்ர நேரம் நிக்கமாட்டாங்க."

"ஒண்ணு சரியானா ஒண்ணு சரியாகல்ல, நான் என்ன செய்ய?"

அவன் பருத்தி வாரைக் குட்டையாக்கி அவள் கழுத்தில் போட்டான். "ரோட்டு வரைக்கும் ஒண்ணு நடந்துட்டு வாங்க சேச்சி."

நடந்தாள். கேமரா விலாவுக்கு மேல் அடங்கிக் கிடந்தது. ஒரு கையில் குடையை விரித்தாள், மறு கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள், எதுவும் விழவில்லை. தோளெலும்பில் மட்டும் பக்கிள் உரசியது.

"இதையே எடுத்துக்கிடுதேன். பக்கிள்தான் கொஞ்சம் உறுத்துது."

பிரதீஷ் முகம் மலர்ந்தான். "அப்டின்னா வேற மாடல் ஒண்ணு உள்ள இருக்கு, காட்டட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று சுஜா பில்லைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அவன் உள்ளே போவதற்குள் படியிறங்கி, வீட்டுக்குப் போகும் கரமனை பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.