சம்மட்டிக்கு எத்தனையாவது இடம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு வாசல் கதவு கீலோடு பெயர்ந்து கூடத்தில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தவர், இறந்து அறுபத்திரண்டு வருடமாகியிருந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் சம்மட்டி. முப்பது வயதுக்கு மேல் மதிக்க முடியாது. மேனி முழுக்கச் சாம்பல் நிறம்; அவ்வப்போது ஒரு வெள்ளைக் கீறல் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஓடி மறைந்தது. நடைதான் உதைத்தது. மற்றவர்கள் இரண்டு எட்டு வைப்பதற்குள் அவர் வெட்டி வெட்டி மூன்று எட்டு வைத்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பேசாப்படக் காலத்து ஆள், அப்படித்தான் இருப்பார் என்று பட்டியல்காரர் அதைப் பெரிதுபடுத்தாமல் தச்சருக்கு ஆள் அனுப்பினார்.

பட்டியல்காரர் ஒரு விளையாட்டு வார இதழில் இருபத்தாறு வருடமாக, ஆண்டுக்கொரு முறை, எல்லாக் காலத்துக்குமான பத்து மாபெரும் ஹெவிவெயிட் வீரர்களை வரிசைப்படுத்தி வந்தவர். யாரை வென்றான், வென்றபோது எதிராளிக்கு என்ன வயது, பட்டத்தை எத்தனை முறை காத்தான், தோற்றபோது எப்படித் தோற்றான் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார். முட்டி தரையில் பட்டவனை அடிப்பது விதிமீறல் என்பதால், அப்படி வந்த வெற்றியைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். நாற்பத்தைந்து சுற்று நின்று அடித்தவனையும் பன்னிரண்டு சுற்றில் வீட்டுக்குப் போகிறவனையும் ஒரே தராசில் நிறுத்துவது லேசான வேலையில்லை. பழைய ஆட்களின் படச்சுருள்களைக் கூடத்துச் சுவரில் ஓட்டிப் பார்த்து, கால்வேலைக்குத் தனியாக மதிப்பெண் போடுவார். சம்மட்டிக்குக் கால்வேலையில் நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் கொடுத்திருந்தார். 'பதற்றம், நிதானமில்லை' என்று ஓரத்தில் குறிப்பு. மொத்தத்தில் ஒன்பதாம் இடம்.

வந்தவர் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் தன் பெயரைக் காகிதம் கிழியும்வரை விரலால் குத்தினார். சின்னப்பிள்ளைக்குக்கூடப் புரியும் என்று பட்டியல்காரர் அடுத்த ஆண்டு அவரை ஏழாம் இடத்துக்கு ஏற்றினார். சம்மட்டி இரண்டு நாற்காலிகளை உடைத்தார். ஐந்தாம் இடத்துக்கு ஏற்றிய வருடம் கொல்லைப்புறத்தில் காற்றோடு குத்துச்சண்டை போட்டதில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் மூன்று தெரு தள்ளிப் போய் விழுந்தது. மூன்றாம் இடம் வந்தபோது கூடத்தை ஓயாமல் சுற்றி வந்து தரையில் ஒரு வட்டப் பள்ளம் போட்டிருந்தார். எழுதிக் காட்டட்டும் என்று பென்சில் கொடுத்தால் அந்த வேகத்தில் முனை ஒடிந்து, காகிதம் ஓட்டையாகி, மேசையும் ஓட்டையானது. உட்காரவில்லை, தூங்கவில்லை, தேநீர் வாய்க்குப் போவதற்குள் சட்டையில் போனது. தையல் வேலை செய்த பட்டியல்காரரின் மனைவி மாதம் இரண்டு சட்டை அவருக்குத் தைத்தாள். அவள் பாட்டனுக்கும் மூத்தவரை, பார்வைக்கு இளையவராக இருந்ததால், "தம்பி, கொஞ்சம் நில்லுப்பா" என்றே கெஞ்சினாள்.

ஐந்தாம் வருடம் இரண்டாம் இடம். எடையே எல்லாம் என்று வாதிட்டு வந்த, தராசு என்ற பட்டப்பெயர்கொண்ட சக எழுத்தாளர் அலுவலகத்தில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"செத்தவங்க சிபாரிசுக்கெல்லாம் இடம் குடுக்கறீங்களாமே. எங்க ஆளுங்க உயிரோட இருக்கறதுதான் தப்பாப் போச்சா?"

ஆசிரியர் வளவளக்கவில்லை. "ஒன்பதுல இருந்தவர் ரெண்டுக்கு எப்படி வந்தார்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் எழுதுங்க. இல்லேன்னா பக்கம் தராசுக்கு" என்றார். அதற்குள் முப்பத்தொரு வருடமாகிவிட்ட பெயர் ஒரு வெள்ளிக்கிழமையில் தொங்கியது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் சம்மட்டியின் கடைசிப் பட்டச் சண்டையைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். சுவரில் ஒரு சம்மட்டியும் கூடத்தில் ஒரு சம்மட்டியும் ஒரே மாதிரி குடுகுடுவென்று ஓடினார்கள். சட்டைக் காலரோடு வந்த மனைவி கதவோரம் நின்று பார்த்தாள்.

"என்னங்க, இதைப் படம் பிடிச்சவன் கையால சுத்தினானா, மோட்டார் வச்சிருந்தானா?"

"அந்தக் காலத்துல எல்லாம் கைதான்."

"நீங்க மோட்டார்லதானே ஓட்டறீங்க. என் கை மெஷினுக்கு மோட்டார் மாட்டின அன்னிக்குத் துணி இப்படித்தான் துள்ளுச்சு."

பட்டியல்காரருக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. நொடிக்குப் பதினாறு படமாகப் பிடித்ததை இருபத்துநாலாக ஓட்டி, ஒரு தலைமுறைச் சாம்பியன்களையே பதற்றக்காரர்கள் என்று எழுதி வைத்திருந்தார். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினார். சுவரில் சம்மட்டி நிதானப்பட்டார். பாதங்கள் மேடைப் பாயை வருடிக்கொண்டு போயின. தோள் அசையுமுன் எதிராளி ஏமாந்தான். கூடத்துச் சம்மட்டியும் மெல்ல மெல்ல நடை குறைந்து நின்றார். பதினான்காம் சுற்றில் நடுவரின் முதுகு குறுக்கே வந்தது. அது விலகியபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அந்த எதிராளி குப்புறக் கிடந்தான். அதற்குப் பிறகு அவன் மேடையேறியதும் இல்லை, எந்தப் பட்டியலிலும் இடம்பெற்றதும் இல்லை.

சுருள் முடிந்தது. ஐந்து வருடத்தில் முதல் முறையாகச் சம்மட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தேநீர் குடித்தார். இன்னும் சாம்பலாகத்தான் இருந்தார். அந்த வீட்டில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. மனைவி காலரைத் தைத்து முடிக்கப் போனாள். பட்டியல்காரருக்கோ கால் தரையில் பாவவில்லை. ஆசிரியருக்குக் காரணம் கிடைத்துவிட்டது, பக்கம் பிழைத்துவிட்டது. கால்வேலையில் முப்பத்தொன்றை அடித்துத் தொண்ணூற்றெட்டாக்கினார். "இனிமே முதல் இடம் உங்களுக்குத்தான்" என்று பேனாவைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனார். சாம்பல் நிறக் கை ஒன்று அந்தப் பேனாவின் மேல் அவசரமில்லாமல் வந்து அமர்ந்தது.

"எழுதாதீங்கய்யா," என்று முதல் முறையாகச் சத்தம் வரப் பேசினார் சம்மட்டி. "அவன் முட்டி தரையில இருந்துச்சு, நான் அதைப் பாத்துட்டுத்தான் அடிச்சேன்."