நூல் வளர்ந்த பங்குனி

தப்பு மேளச் சத்தம் வாசலுக்கு ஏறியதும் சரோஜினி அடுக்களைக் கதவை இழுத்துச் சாத்தினாள். கதவு மூடவில்லை. தோளால் இடித்தாள், காலால் உதைத்தாள், கடைசியில் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள். ஒரு சாண் இடைவெளி அப்படியே நின்றது. அந்த இடைவெளி வழியாகத் தயானிக்கு மாமாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் மண் போகவில்லை.

"பாக்காத புள்ள! அந்தப் பக்கம் திரும்பு. வகுத்துல ஒன்ன வச்சிக்கிட்டு..."

"நேத்து வரைக்கும் சாத்துன கதவுதானேக்கா இது?"

"மழைக்கு ஊதிருக்கும்." சரோஜினி குரலைத் தாழ்த்தினாள். "இல்லாட்டி ஒங்க மாமாவுக்கு ஒன்னயப் பாக்காமப் போக மனசு வரலயோ என்னமோ."

சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சரோஜினி நல்லவள்தான். ஆனால் வாய்க்கும் மனதுக்கும் நடுவே ஒரு படலைக் கதவு கூட இல்லாதவள்.

தயானிக்கு அது ஏழாம் மாதம். பிள்ளைத்தாச்சி பிணத்தின் முகம் பார்க்கக் கூடாது, மயானத்தில் கால் வைக்கக் கூடாது. நேற்றுக் காலையிலிருந்து அவளை அடுக்களையில் உட்கார வைத்து, இடுப்பில் வேப்பிலை செருகி, கையில் ஒரு கத்தியையும் கொடுத்திருந்தார்கள். இரும்பு இருந்தால் எதுவும் அண்டாதாம். மாமா இறந்ததை முதலில் கண்டவள் அவள்தான். தேநீர் குடிக்க வரச்சொல்லி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். போஞ்சி அவரைப் பாத்திகளுக்கு நடுவே, கொடி ஏற நட்ட முதல் கம்பில் தலையைச் சாய்த்து, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். மழை அவர்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு மாமாவின் மனைவி லெட்சுமி அத்தை ஓடினார், ஆட்கள் ஓடினார்கள், இவளை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஆக, அவள் பார்த்தது முதுகைத்தான். முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும் என்று நேற்றிலிருந்து எத்தனை பேரிடமோ கேட்டுவிட்டாள். கட்டிய கணவன், மாமாவின் மகன் சதீஸ்குமாரே தலையைக் குனிந்துகொண்டான்.

பெட்டி வாசலைத் தாண்டியது. லெட்சுமி அத்தையின் ஒப்பாரி அதன் பின்னாலேயே இறங்கிப் போனது. பெண்கள் ரோட்டு முடக்கு வரை போவார்கள், அங்கேயிருந்து ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வீடு திரும்புவார்கள். ஆண்கள் ஆற்றைத் தாண்டி எதிர்மலை மயானத்துக்குப் போவார்கள். அந்தப் பழைய லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்ததே மூன்று வீடுதான். மற்றவர்களெல்லாம் கீழே கட்டிக் கொடுத்த புது வீடுகளுக்கு எப்போதோ இறங்கிவிட்டார்கள். போஞ்சித் தோட்டத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் வீரசிங்கம் மாமா. அவரைப் பார்த்து மற்ற இரண்டு வீடும் தங்கிவிட்டன. இப்போது மூன்று வீட்டு ஆட்களும் அவரோடு போய்விட, மிஞ்சியது தயானியும் சரோஜினியும், நடுக்கூடத்தில் அவர் தலைமாட்டில் ஏற்றிய விளக்கும்தான்.

தப்புச் சத்தம் தேயத் தேய, பின்பக்கத்து ஓடையின் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அந்த வருஷம் மாசியில் பிடித்த மழை. பங்குனியில் பகலெல்லாம் வெயில் காய்ந்து பின்னேரம் ஒரு மழை பெய்தால் அது முறை. இதுவோ விடியலில் தொடங்கி விடியலில் முடிந்து, உடனே மறுபடி தொடங்கியது. சித்திரை வருஷப் பிறப்புக்கு லுணுகலைச் சந்தையில் போஞ்சிக்கு நல்ல விலை போகும் என்று மாமா முதலில் ஊன்றிய விதை, மண்ணுக்குள்ளேயே கூழாகிப் போனது. கரட் கிழங்கு தோண்டத் தோண்ட நாறியது. மாமா விட்டாரா? பாத்தியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினார், சுற்றிக் கான் வெட்டித் தண்ணீரை வடித்தார், விதையை ஈரச்சாக்கில் சுற்றி அடுப்புக்கு மேலே வைத்து முளைகட்டி, இரண்டாம் முறை ஊன்றினார். தயானிதான் கூட நின்றாள். அடுக்களை ஜன்னல் கம்பியில் நீல நைலான் நூலின் ஒரு நுனியைக் கட்டி, மறுநுனியை மேட்டுக்கு இழுத்து, நூல் பிடித்த நேருக்குச் சவுக்குக் கம்புகளை வரிசை வரிசையாக நட்டார்கள். வேலை முடிந்தும் முதல் கம்புக்கும் ஜன்னலுக்குமான நூலை மாமா அவிழ்க்கவில்லை. கொடி ஏறட்டும் என்றார்.

மறுநாள் காலையில் அந்த நூல் தொங்கியது. மாமா இழுத்து, மிச்சத்தை ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினார். அதற்கு மறுநாளும் தொங்கியது. மறுபடி ஒரு சுற்று. "என்னா மாமா, நூலு நீளுதா?" என்று தயானி கேட்டதற்குச் சிரித்தார்.

"இந்த மழைக்கு எல்லாம் அழுகுது தாயி. இந்த நூலு ஒன்னுதான் வளருது."

அவளும் சிரித்தாள். மாமா அதற்குப் பிறகு சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. விடியுமுன்னே எழுந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் நூலைத் தொட்டுப் பார்ப்பார். மலையை அண்ணாந்து பார்ப்பார். பிறகு மம்பட்டியை எடுத்துக் கானை இன்னும் ஆழமாக வெட்டுவார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிடிவாதத்தால் தங்கிய லயம் அது. என்னவென்று சொல்வார்?

தயானி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நேற்றிலிருந்து யாரும் நூலை இழுத்துக் கட்டவில்லை. அது இப்போது தொங்கக்கூட இல்லை, தளர்ந்து சேற்றில் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மாமா தலை சாய்த்திருந்த முதல் கம்பு அங்கே இல்லை. இல்லையென்று எப்படிச் சொல்வது, இருந்தது. ஆனால் கறிவேப்பிலைச் செடிக்கு அந்தப் பக்கம் நின்ற கம்பு இப்போது இந்தப் பக்கம் நின்றது. அதன் பின்னால் மற்றக் கம்புகளும் வரிசை மாறாமல், கொடிகளைச் சுமந்துகொண்டு, எல்லாமே கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து வீட்டையே பார்த்து நின்றன.

"அக்கா... கம்பு கிட்ட வந்திருக்கு."

"என்னாது வந்திருக்கு?"

"மாமா நட்ட கம்பு. நேத்து செடிக்கு அங்கிட்டு நின்னுச்சு."

சரோஜினி எட்டிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடி முருகனைக் கூப்பிட்டாள். "புள்ளத்தாச்சி கண்ணுக்கு ஆயிரம் தெரியும். கத்திய நல்லாப் புடிச்சிக்க. ஆசயா வச்ச தோட்டம், மனுசன் சுத்திக்கிட்டுத்தான் இருப்பாரு. நீ பாக்காத, அவரு பாட்டுக்குப் போயிருவாரு."

தயானி நூலைப் பிடித்து இழுத்தாள். வந்தது. கையில் சுற்றினாள், இன்னும் வந்தது, முழங்கையோடு சேர்த்துச் சுற்றச் சுற்ற வந்துகொண்டேயிருந்தது. மாமாவேதான் வருகிறார் என்று அந்த நேரத்தில் அவள் நம்பினாள். தன்னையும் பிள்ளையையும் கூட்டிப்போகத்தான் வருகிறார். அவளை எவ்வளவு பிரியமாக வைத்திருந்த மனிதர்! அந்தப் பிரியத்தை நினைத்துத்தான் அவளுக்குப் பயமே வந்தது. நடுக்கூடத்தில் விளக்குத் தட்டு தரையை உரசிக்கொண்டு மெல்ல நகரும் சத்தம் கேட்டது.

அப்போது ஓடை நின்றது.

மழை பெய்துகொண்டுதான் இருந்தது, கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மாசியிலிருந்து இராப்பகலாக இரைந்த ஓடை, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி ஓய்ந்துவிட்டது. சரோஜினி கண்ணைத் திறந்தாள். மேலே மண் சரிந்து அடைத்தால்தான் ஓடை இப்படி நிற்கும் என்று மலையில் வாழ்ந்தவளுக்குத் தெரியும். தயானியின் கையைப் பிடித்து இழுத்தாள். நூல் ஜன்னல் கம்பியோடு அவளைப் பிடித்து நிறுத்தியது. பேய்க்கென்று கொடுத்த கத்தியால் தயானி நூலை அறுத்தாள். இருவரும் விளக்கைத் தாண்டி வெளியே வந்தார்கள். வழுக்கும் படிகளில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். திரும்பிப் பார்க்க இருவருக்கும் துணிவு வரவில்லை.

ரோட்டுக்குக் கீழே பீலியில் பெண்கள் தலை முழுகி முடித்திருந்தார்கள். லெட்சுமி அத்தை ஈரச் சேலையோடு வீட்டுப் பாதையில் ஏறத் தொடங்கியிருந்தார்.

"அடியே! வெளக்க விட்டுட்டு எங்கடி ஓடியாறீங்க? இந்த வகுத்தோட, இந்த மழையில!"

"வீட்டுக்குப் போகாதீங்க அத்தே."

"ஏன்?"

"நூலு..." தயானிக்கு மூச்சு வாங்கியது. கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை நீலமாகச் சுற்றிக் கிடந்தது. "இம்புட்டும் ஒரு நாள்ல தளந்திருக்கு அத்தே. ஓட நின்னுருச்சு."

அத்தை அந்தக் கையைப் பார்த்தார். விடியுமுன் எழுந்து போகும் புருஷனிடம் எங்கே போறீங்க என்று கேட்டபோதெல்லாம் ஒன்னுமில்ல, நீ படு என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்திருந்தது. அந்த ஒன்றுமில்லை என்னவென்று இப்போது விளங்கிவிட்டது: மலை வீட்டை நோக்கி நகர்வது அவருக்குத் தெரிந்திருந்தது.

"பாவி மனுசா," என்றார் மெதுவாக. பிறகு மற்றப் பெண்களைப் பார்த்து, "ஒருத்தரும் மேல போகக் கூடாது. எல்லாரும் மயானத்துக்கு நடங்க," என்றார்.

"பொம்பளைங்களா? அதுவும் இவளக் கூட்டிக்கிட்டா?" என்றாள் ஒருத்தி.

"இவளத்தான் மொதல்ல கூட்டிக்கிட்டுப் போகணும்."

குழியில் ஊறும் தண்ணீரை ஆண்கள் வாளியால் இறைத்துக்கொண்டிருந்ததால் பெட்டி இன்னும் இறங்கவில்லை. ஈரத் தலையோடு பெண்கள் வரிசையாக ஏறி வருவதைக் கண்டு தப்பு அடிப்பவர்களின் கை நின்றது. ஒரு பெரியவர் தடியை ஓங்கிக்கொண்டு வந்தார். லெட்சுமி அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயானியைத் தோளோடு அணைத்துப் பெட்டியின் தலைமாட்டுக்குக் கூட்டிப்போனார்.

"பாரு," என்றார்.

மாமாவின் முகம் சாதாரணமாக இருந்தது. தயானி பயந்தது போல ஒன்றும் இல்லை. இடது புருவத்தில் உலர்ந்த சேறு ஒரு பொட்டு ஒட்டியிருந்தது, குளிப்பாட்டியவர்கள் கவனிக்கவில்லை. அவள் சேலை நுனியால் அதைத் துடைத்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

மூடியை வைத்துப் பெட்டியை இறக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. கேட்டவர்கள் நிமிர்ந்து ஆற்றுக்கு அப்பால் பார்த்தார்கள். எதிர்ச் சரிவில் போஞ்சித் தோட்டம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நட்டது நட்டபடி, வரிசை குலையாமல், கம்புகள் அத்தனையும் கொடிகளோடு நின்றபடியே இறங்கி வந்தன. அடுக்களை ஜன்னல் இருந்த இடத்துக்கு வந்தன. அதையும் தாண்டின. லயத்தின் கூரை ஒரு பக்கம் தூக்கி, மடிந்து, பிறகு காணவில்லை. முதல் வரிசைக் கம்புகள் ரோட்டுக்கு மேலே வந்து நின்றன.

சரோஜினி தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்தபடி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சதீஸ்குமார் கையில் எடுத்த பிடி மண்ணோடு அப்படியே நின்றான்.

தயானி கையிலிருந்த நூலைக் கழற்றினாள். நூலைச் சேற்றில் போட்டுவிட்டு வரக் கூடாது என்பது மாமாவின் சட்டம். எவ்வளவு மழை பெய்தாலும் சுற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அவள் அதைக் கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சிக்கில்லாமல் சுற்றி, நுனியை முடிந்தாள். அவளால் குனிய முடியாது. சதீஸ்குமாரிடம் நீட்டினாள்.

அவன் மண்ணை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அதை வாங்கி, முதலில் நூலைக் குழிக்குள் போட்டான்.