கட்டைவிரலுக்கு ஓய்வு

இலுப்பூர் கடைத்தெரு மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில், கூட வேலை பார்த்த தோழி அன்புமொழி கல்யாணமாகித் திருப்பூருக்குப் போன பிறகு இசைவாணி தனியாகத்தான் வேலை பார்த்தாள். வேறு ஆள் போடுகிறேன் என்று முதலாளி அருள்தாஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். நாள் முழுக்க, பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழலின் தலையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ரத்தத்தை அளந்து விட வேண்டும். மிச்ச நேரம், தாழ்வான மேசையில் இருந்த மைக்ராஸ்கோப்பின் மேல் கழுத்தை வளைத்துக் குனிந்திருக்க வேண்டும். விரலடியில் தொடங்கிய வலி மணிக்கட்டுக்கு ஏறியது. வாடகை அறையில் தலைவாரக்கூட இடது கைதான். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளுமில்லை.

ஒரு காலையில், காய்ச்சலோடு வந்த குழந்தையின் ரத்தம் பிடித்து வைத்த குழாய், மூடியைத் திறந்ததும் கைநழுவிக் கொட்டிவிட்டது. தாய் அடைக்கலமேரி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. சாம்பிளைக் கொட்டிட்டேன். திரும்ப எடுக்கணும்."

"மறுபடியும் குத்தணுமா? இப்பத்தாங்க அழுகைய நிப்பாட்டுனான்."

"கையில புடிமானம் இல்லங்க. தப்பு என்னோடதுதான்."

கோபமாக நிமிர்ந்தவள் இசைவாணியின் கட்டைவிரலைப் பார்த்ததும் தணிந்தாள். "இம்புட்டு வீங்கியிருக்கே, வீட்டுல யாரும் பாக்கலையா?"

இசைவாணி திரும்ப ரத்தம் எடுக்க அருள்தாஸைக் கூப்பிட்டாள்.

அன்று மாலையே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். டாக்டர் விரலை மடக்கிப் பார்த்தார். "தசைநார் வீங்கியிருக்கும்மா. கொஞ்ச நாளைக்கு அழுத்தவே கூடாது. அப்புறமும் நடுநடுவுல எந்திரிச்சு கைக்கு ஓய்வு குடு. குனியாத மாதிரி மைக்ராஸ்கோப்ப ஒசத்தி வச்சுக்க."

மறுநாள் அவள் அதைச் சொன்னதும் அருள்தாஸ் முகம் சுளித்தார். "நடுவுல நடுவுல எந்திரிச்சா வேலை என்னத்துக்கு ஆகும்?"

"நேத்து கொட்டுனதோட போச்சு சார். நாளைக்கு அளவு தப்பி ரிசல்ட்டே மாறிட்டா?"

அவர் விடுப்புக் கொடுத்தார். அவள் விடுப்பு முடிந்து வந்தபோது உயரம் மாற்றும் நாற்காலி இருந்தது, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பலகை இருந்தது, பட்டனைத் தொட்டாலே உறிஞ்சும் பிப்பெட்டும் இருந்தது. புது ஆள் மட்டும் இல்லை.

வலி மெல்லக் குறைந்தது. ஓய்வு நேரம்தான் அவளைப் படுத்தியது. குனிந்தே கிடந்த வரைக்கும் தெரியாத பரிசோதனை அறையின் அமைதி, நிமிர்ந்ததும் தெரிந்தது. அன்புமொழிக்குப் போன் போட்டாள்.

"அடுப்புல வேலையா இருக்கேன்டி. அப்புறம் கூப்புடவா?"

"சரிடி. சும்மாதான் கூப்ட்டேன்."

ஜன்னல் விளிம்பில் விரல்களை விரித்து வைத்தாள். கீழே விராலிமலை பஸ்ஸில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அது புறப்படும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.