உதட்டு நெருப்பு

உறையில் எழுதியிருந்தது நஸாரியாவின் பெயர்தான். மறைவிடத்தில் வந்த புண்ணுக்காக அவள் கொடுத்த ரத்தத்தின் முடிவு அது. பிரித்தது மாமியார் ஓதிலியா. சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கணவன் ஃபிதென்சியோ, கொழுந்தன், கொழுந்தன் மனைவி என்று எல்லோரும் இருந்தார்கள். ஓதிலியா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“ஹெர்ப்பிஸ். ரத்தத்துல இருக்காம்.”

“அப்படின்னா என்னம்மா?” என்றான் கொழுந்தன்.

“உன் அண்ணி ஜீன்ஸ் கம்பெனிக்குத் தைக்க மட்டும் போகலைன்னு அர்த்தம்.”

நஸாரியா கணவனைப் பார்த்தாள். அவன் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மூன்று வயது மரிசோலைத் தூக்கக் கை நீட்டினாள். ஓதிலியா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தொடாத. இனிமே பிள்ளை எங்கிட்டதான் படுக்கும்.”

“நான் யார்கிட்டயும் போகலை அத்தை. அவரையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்களேன்.”

“எங்க வீட்டு ஆம்பளை ரத்தம் குடுத்துத்தான் யோக்கியன்னு காட்டணுமா? நவம்பர்ல இறந்தோர் திருநாள் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள அவன் யாருன்னு சொல்லு. சொல்லலேன்னா மலைக்கு, உன் அப்பன் வீட்டுக்குப் போயிடு. பிள்ளை இங்கேதான்.”

அது மார்ச் மாதம்.

தெஹுவாக்கான் நகரச் சந்தைக்குப் பின்னால் இருந்த பரிசோதனைக் கூடத்துக்கு வேலை முடிந்த கையோடு ஓடினாள். அங்கிருந்த கிரிசெல்டா காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இங்க பண்ற ரத்தச் சோதனை இவ்வளவுதாம்மா சொல்லும். எப்பவோ உடம்புக்குள்ள வந்திருக்கு. எப்போ, யார்கிட்டேருந்து, எதுவும் இதுல கிடையாது. இதுல ரெண்டு வகை இருக்கு. எந்த வகைன்னு தெரியணும்னா புண்ணு புதுசா வரணும். கொப்புளம் ஈரமா இருக்கும்போதே வா, பஞ்சுக்குச்சியால எடுத்துப் பார்த்துச் சொல்றேன். காய்ஞ்சு போயிட்டா ஒண்ணும் கிடைக்காது.”

அன்றிலிருந்து நஸாரியா கோயிலில் மண்டியிட்டபோதெல்லாம் கேட்டது ஒன்றுதான்: அந்தப் புண் திரும்ப வர வேண்டும். எரியட்டும், நடக்க முடியாமல் போகட்டும், வந்தால் போதும். இப்படி வேண்டுகிறவள் உலகத்தில் தான் ஒருத்திதான் இருப்பாள் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஜூலையில் வந்தது. அன்று குளியலறையில் அவள் கை தானாக எலுமிச்சையையும் உப்பையும் எடுத்தது. அந்த ஊரில் உதட்டுக் கொப்புளத்துக்கு நெருப்பு என்று பெயர். வெயிலில் நின்றாலும் வரும், காய்ச்சலிலும் வரும், கோபப்பட்டாலும் வரும். அந்த வீட்டில் எல்லோருக்கும் வரும். எலுமிச்சையும் உப்பும் வைத்து எரித்துவிடுவார்கள். அது ஒரு நோய் என்று யாரும் சொன்னதில்லை. வலியில் பல்லைக் கடித்தபடி அவளும் அதையே வைத்தாள். லீவு கிடைத்துப் போவதற்குள் எல்லாம் பொருக்காகிவிட்டது. பஞ்சுக்குச்சியில் ஒன்றும் இல்லை.

“பாத்தியா, மறைக்கறா,” என்றாள் ஓதிலியா.

அடுத்தது அக்டோபர் கடைசியில்தான் வந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, எதுவும் தடவாமல், பேருந்தில் நின்றுகொண்டே போனாள். நான்காம் நாள் கிரிசெல்டா காகிதத்தைக் கையில் கொடுத்தாள்.

“முதல் வகை. பெரும்பாலும் வாயில வர்றது. உங்க வீட்டுல யாருக்காவது உதட்டுல...”

“நெருப்பா? அது வெயிலுக்கு வர்றதாச்சே.”

“அதேதான் இது. அந்த வாய் பட்ட இடத்துலயும் வரும். ஆனா யார் குடுத்தாங்கன்னு எந்தக் காகிதமும் சொல்லாது. அது உனக்குத்தான் தெரியணும்.”

அவளுக்குத் தெரிந்தது. பிப்ரவரியில் ஓர் இரவு. ஃபிதென்சியோவின் கீழ் உதட்டில் நெருப்பு வந்திருந்தது. அன்றைக்கு அவன் வாய் அவள் உடம்பெங்கும் போயிற்று. கல்யாணமான ஐந்து வருடத்தில், உனக்கு என்ன பிடிக்கும் என்று அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையைத்தான் அவள் நகை மாதிரி மனதுக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தபோது அவனிடம் சொன்னாள். அவன் காகிதத்தை இரண்டு தடவை படித்தான்.

“அம்மாகிட்ட சொல்லிடாத. தம்பிக்குத் தெரிஞ்சா பட்டறை முழுக்கச் சொல்லிடுவான். பொண்டாட்டி காலடியில மண்டி போட்டவன்னு சிரிப்பானுங்க.”

“நான் தேவடியான்னு பேர் வாங்கினா பரவாயில்லையா?”

“நான் பாத்துக்கறேன் நஸாரியா. சரி பண்ணிடறேன்.”

இறந்தோர் திருநாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அவன் தொண்டையைச் செருமினான்.

“அம்மா, யோசிச்சுப் பாத்தேன். நான் அவளை மன்னிச்சுட்டேன். அவ இங்கயே இருக்கட்டும்.”

கொழுந்தன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பாரு? கால்ல விழு அக்கா.”

“என் பிள்ளைக்கு மனசு பெருசு,” என்றாள் ஓதிலியா. “சரி, ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும். ஆனா பிள்ளைய மட்டும் தொடக் கூடாது.”

கணவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் நஸாரியாவின் நெஞ்சில் எதையோ அறுத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் கூரை மிஞ்சும், மகள் மிஞ்ச மாட்டாள். காகிதத்தை மேசைமேல் விரித்தாள்.

“அந்த மன்னிப்பை அவரே வச்சுக்கட்டும் அத்தை. இது முதல் வகை. உதட்டுல வர்ற நெருப்பு. உங்களுக்கு வருதே, அவருக்கு வருதே, அதே நெருப்பு. பிப்ரவரியில அந்த நெருப்போட அவர் வாய் எங்கே போச்சுன்னு அவரையே கேளுங்க.”

கொழுந்தன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினான். ஃபிதென்சியோ தலையைத் தூக்கவில்லை. ஓதிலியா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை வரும் என்று நஸாரியா காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டாம். ‘நிஜமாடா?’ என்றாவது கேட்கலாம்.

“சீ!” என்றாள் ஓதிலியா. “பொண்டாட்டிக்குப் போயி அதெல்லாமாடா செய்வே? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?”

எட்டு மாதமாக நஸாரியாவின் மேல் இருந்த அருவருப்பு அப்படியே எழுந்து மகன்மேல் போய் உட்கார்ந்தது. நடுவில் அவள் பட்டதைப் பற்றி அதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

அவள் எழுந்து மேசையைச் சுற்றிப் போய் மரிசோலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. உள்ளே எல்லோரும் ஃபிதென்சியோவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், அவன் செய்த ஒரே நல்ல காரியத்துக்காக.